கல்லுக்கால்களுக்கு நடுவே

ராசாத்தாள் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில், வலது பக்கக் கதவுக்கும் கல்லுக்காலுக்கும் இடையே உள்ளங்கை கூட நுழையாது. இஞ்சினை அணைத்தாள். கியரைப் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டாள். பிறகு குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே, வயர்க்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்ன சுவிட்சைத் தட்டினாள். வண்டி திருட்டுப் போகக் கூடாது என்று அவள் வீட்டுக்காரர் தம்பிதுரை வைத்தது அது. அதை அணைத்துவிட்டால் சாவியை எத்தனை முறை திருகினாலும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. திருகிப் பார்த்தாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. செல்போனை எடுத்து, பல்லடத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் முஜீபை அழைத்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னாள்.

எதிரே தார்ச்சாலையில் கோழி லாரி வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது.

சாலையிலிருந்து இறங்கும் மண்தடம் ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. பாலத்தின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஓடைப் பள்ளம். உள்ளே முதலில் மோகன்குமாரின் கறிக்கோழிப் பண்ணை, அதற்கு அப்பால் ராசாத்தாளின் தென்னந்தோப்பும் வீடும். தம்பிதுரையும் மோகன்குமாரும் பெரியப்பன் சித்தப்பன் மக்கள். பாகம் பிரிந்தபோது தடம் இருவருக்கும் பொது என்றுதான் பேச்சு. வாழை நட்ட வகையில் வந்த ஒரு சண்டைக்குப் பிறகு மோகன்குமார் பாலத்தின் இரு ஓரத்திலும் கருங்கல் கால்களை நட்டு, நடுவே சங்கிலி போட்டுப் பூட்டினான். அவனுடைய லாரி வரும்போது சங்கிலி இறங்கும். மற்ற நேரங்களில் தம்பிதுரை பண்ணைக்குப் போய்ச் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், தேங்காய் உரித்துக்கொண்டிருந்த தம்பிதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. பாலம் வரைக்கும் வந்தது. சங்கிலி பூட்டியிருந்தது. மோகன்குமார் பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். வீட்டு பிக்கப் வண்டி பழுது பார்க்கப் பல்லடத்தில் நின்றது. தோப்பில் வேலை செய்தவர்கள் கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி, அந்த வெயிலில் தடம் நெடுகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலத்தில் கட்டிலைச் சங்கிலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தபோது அவருடைய ஒரு செருப்பு ஓடையில் விழுந்தது. ராசாத்தாளுக்கு அதுதான் முழுசாக நினைவிருக்கிறது. பல்லடம் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சங்கிலியைக் கழற்ற வைத்தார்கள். கல்லையும் எடுத்தாக வேண்டும் என்று ராசாத்தாள் கேட்டாள். கல் தடத்தில் நிற்கவில்லை, தன் பூமி ஓரத்தில் நிற்கிறது, அதை எடுக்க முடியாது என்று மோகன்குமார் எல்லார் முன்னாலும் சொன்னான். சங்கிலி போனது போதாதா, கல் என்ன செய்கிறது என்று பெரியவர்களும் எழுந்து போனார்கள். அன்றோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ராசாத்தாள் நியாயம் கேட்டு ஆனைமலைக்குப் போய், மாசாணியம்மன் சன்னதியில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தாள். கையெரிச்சல் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. அம்மனுக்கு நேரம் கிடைக்கும்போது செய்யட்டும் என்று அவள் விட்டுவிடவில்லை. கோழி பிடிக்கும் நேரம் கோடைப் பகலில் எப்போது வந்து விழுகிறது என்று பண்ணையைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் இது. சித்திரை வெயில். பிடிப்பதற்கு முந்தைய நாளே கோழிகளுக்குத் தீனியை நிறுத்திவிடுவார்கள். விடியற்காலையில் வந்திருக்க வேண்டிய லாரி வேறொரு பண்ணையில் தாமதமாகி, வெயில் ஏறிய பிறகுதான் வந்திருந்தது. இனி மத்தியானத்துக்குள் ஏற்றாவிட்டால் எடை கூடிய கோழிகள் மூச்சு வாங்கிச் சரியத் தொடங்கும். இது ராசாத்தாளுக்கும் தெரியும்.

ஹாரன் சத்தம் கேட்டு மோகன்குமார் பண்ணையிலிருந்து வந்தான். வண்டியின் பின்பக்கம் தேங்காய் மூட்டைகள். இடது பக்கம் இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து முன்னால் வந்து நின்றான். கண்ணாடிக்குள்ளே ராசாத்தாள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் இடையே இரண்டு அடி தூரம்கூட இல்லை. அவன் அவளிடம் பேசவில்லை. லாரியிலிருந்து இறங்கி வந்த டிரைவரைப் பார்த்து, "ஏனுங்க டிரைவர், வண்டியக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க அவிங்கள" என்றான்.

டிரைவர் நாமக்கல் பக்கத்து ஆள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான பக்கத்துல நிக்கறீங்க?"

"நீங்க சொல்லுங்க."

டிரைவர் சொன்னார். ராசாத்தாள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மிகவும் பணிவாக, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பல்லடத்திலிருந்து ஆள் வருகிறது, அவருக்கு ஏதாவது அவசரமானால் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். டிரைவர் திரும்பி மோகன்குமாரைப் பார்த்தார். அவன் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் டிரைவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தான்.

தள்ளிவிடலாம் என்று பண்ணை ஆட்களைக் கூப்பிட்டான். கை பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டது, விடுபட மாட்டேன் என்கிறது என்று வண்டிக்குள்ளிருந்து டிரைவர் வழியாகப் பதில் வந்தது. இடது கதவைத் திறக்கப் பார்த்தான். அதன் வெளிக் கைப்பிடி உடைந்து ரொம்ப நாளாயிற்று, உள்ளேயிருந்துதான் திறக்கும். உள்ளே இருப்பவள் திறக்கவில்லை. போலீசுக்குப் போன் செய்யப் போவதாக டிரைவரிடம் சொன்னான்.

"வரச் சொல்லுங்க" என்றாள் ராசாத்தாள். "அவிங்க வண்டியும் ரோட்டோட நின்னுக்கும்ங்க. உள்ள வாறதுக்கு வழியில்லைன்னு ஆம்புலன்ஸ்காரங்களுக்கே தெரியும்."

மோகன்குமார் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

முஜீப் பைக்கில் வந்தான். வயிறு பெருத்த ஆள், பாலத்தில் இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. நெடுநாள் பழக்கம் என்பதால் ராசாத்தாளை அக்கா என்பான். மோகன்குமாரின் வேனுக்கும் வயரிங் வேலை அவன்தான். இருவருக்கும் நடுவே வந்து மாட்டிக்கொண்டோம் என்பது பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்தது.

முறையாகவே தொடங்கினான். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. கழற்றிச் சுரண்டி, துடைத்து, மறுபடியும் இறுக்கினான். பேட்டரிக்கு வயசாகிவிட்டது, மாற்றச் சொல்லி அப்போதே சொன்னேனே என்று முனகினான். ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, கையைக் குவித்து மறைத்துப் பார்த்தான். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஹாரன் அடிக்கச் சொன்னான், அடித்தது. ஆக, பேட்டரியில் கரண்ட் இருக்கிறது. சாவியைத் திருகச் சொன்னான். டக் என்றுகூடச் சத்தம் இல்லை. இஞ்சினிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரை அசைத்துப் பார்த்தான். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் திருகச் சொன்னான். ஒன்றுமில்லை.

மோகன்குமார் அவன் தோளுக்கு மேலே குனிந்து நின்றான். "கேளு முஜீப்பு, அவிங்க சாவிய நெசமாவே திருகறாங்களான்னு."

"அவருக்குச் சந்தேகமா இருந்தா உள்ள வந்து பாத்துக்கச் சொல்லு தம்பி" என்றாள் ராசாத்தாள். "கதவுதான் தொறக்காது. கல்லு நிக்குது."

பண்ணையிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து, கடைசிக் கொட்டகையில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு சுவர் ஓரமாக ஒதுங்குகின்றன என்றான். தண்ணீர் தெளிக்கச் சொல்லி மோகன்குமார் அவனை விரட்டினான்.

முஜீப் டெஸ்ட் லாம்பை எடுத்தான். இரண்டு வயர், ஒரு சின்ன பல்பு. ஒரு முனையைச் சட்டத்தில் மாட்டினான். சாவியைத் திருகினால் மோட்டாரை இழுக்கும் மெல்லிய வயர் ஒன்று உண்டு. மறுமுனையை அதன் மேல் வைத்துக்கொண்டு, திருகுங்கக்கா என்றான். பல்பு எரியவில்லை. மோட்டாரில் பழுதில்லை, சாவிக்கும் மோட்டாருக்கும் நடுவே எங்கேயோ அறுந்திருக்கிறது. வயரின் வழியே அவன் கண் மேலே ஏறி, பானெட் மூலையில் வண்டிக்குள் நுழையும் ஓட்டையில் போய் நின்றது. அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவனே சுற்றியது. தம்பிதுரை பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே, "எவன் வந்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது முஜீப்பு" என்று சொல்லிச் சிரித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

நிமிர்ந்து, திறந்திருந்த பானெட்டின் ஓரமாகச் சாய்ந்து கண்ணாடி வழியே பார்த்தான். ராசாத்தாளும் அவனைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை வலது பக்கம் திரும்பி, கல்லின் மேல் நின்றது.

லாரி டிரைவர் அதற்குள் பொறுமை இழந்து, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து வந்திருந்தார். இதற்கெல்லாம் இவ்வளவு நேரமா, மோட்டாரின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு ஷார்ட் கொடுத்தால் சாவியே தேவையில்லை, தானாகச் சுற்றும் என்றார். உண்மைதான். முஜீபுக்கும் அது தெரியும். மோகன்குமாரின் முகம் தெளிந்தது. டிரைவர் பானெட்டுக்குள் குனிந்தார்.

"தம்பி" என்று உள்ளேயிருந்து ராசாத்தாள் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "வண்டி கியர்ல கெடக்குதுன்னு சொல்லு அவருகிட்ட. மோட்டார் சுத்துனா முன்னால பாயும்ங்க. முன்னால நிக்கறவிங்க பாத்து நின்னுக்கட்டும்."

டிரைவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்வாங்கினார். லாரிப் படியில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

முஜீப் கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். பிறகு மோகன்குமாரிடம், பழுது உள்ளேதான் இருக்கிறது, சாவி சுவிட்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றான்.

"கழத்து."

"டிரைவர் கதவு தொறந்தாத்தானுங்க படுத்து உள்ள பாக்க முடியும். இந்த வயித்த வெச்சுக்கிட்டு ஜன்னல்ல நுழைய முடியுங்களா?" கொஞ்சம் நிறுத்தினான். "கல்லை எடுத்தாத் தொறக்கும்ங்க."

மோகன்குமார் அவனையே பார்த்தான். முஜீப் டெஸ்ட் லாம்பின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வண்டி எதற்காக நிற்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. பண்ணைப் பக்கமிருந்து காற்று திரும்பியபோது சூடான எருவாடை வந்தது.

மோகன்குமார் ஆட்களைக் கடப்பாரை கொண்டுவரச் சொன்னான். இருவர் வந்தார்கள். முதல் ஆள் கல்லின் அடியில் கடப்பாரையை வைத்தபோது ராசாத்தாள் கண்ணாடியைத் தட்டினாள்.

"தெரியாதவிங்க குத்துனா கதவுல பட்டுரும் தம்பி. நட்டவிங்களுக்குத்தான் ஆழம் தெரியும். அவரையே எடுக்கச் சொல்லு."

அந்த ஆள் மோகன்குமாரைப் பார்த்தான். மோகன்குமார் நின்ற இடத்தில் அசையாமல் நின்றான். சாலையில் பைக்கில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தேங்காய் வியாபாரி ஒருவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பண்ணை ஆள் மறுபடியும் வந்து, இரண்டு மூன்று விழுந்துவிட்டன என்றான். மோகன்குமார் சட்டையைக் கழற்றிப் பாலத்துக் கட்டையில் போட்டுவிட்டுக் கடப்பாரையை வாங்கினான்.

ஆழமாகத்தான் நட்டிருந்தான். ஜல்லி போட்டுச் சிமெண்ட் ஊற்றியிருந்தான். பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை. சீக்கிரமே உள்ளங்கை தோல் வழன்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், அவன் முதுகு வளைந்து நிமிர்வதை ராசாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை அவன் முதுகில் மண்ணோடு கலந்து வழிந்தது. கட்டிலைத் தூக்கி வந்தவர்களின் முதுகும் அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வாயில்லாத ஜீவனுங்கக்கா" என்று முஜீப் மெதுவாகச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

கல் ஆடத் தொடங்கியபோது மோகன்குமார் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். மூச்சு இரைத்தது. முதன்முறையாகக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

"நங்கை."

அண்ணன் பெண்சாதியைக் கூப்பிடும் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

"அன்னைக்குப் பண்ணை ஆளு எனக்குப் போன் பண்ணுனானுங்க. ஆம்புலன்ஸ் வந்திருக்குது, தொறக்கட்டான்னு கேட்டான். இன்னொரு சாவி கொட்டகையில ஆணியிலதான் தொங்குச்சு." கையை வேட்டியில் துடைத்தான். ரத்தம் ஒட்டியது. "சங்கிலியத் தொறக்க வெக்கறதுக்கு அண்ணன் நாடகம் போடறாருன்னு நெனச்சேன். நான் வந்து பாத்துக்கறேன், தொறக்காதேன்னு சொல்லிப்போட்டேன்."

சாலையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. ராசாத்தாளின் கை சாவியில் இருந்தது. அவளுக்கு இது தெரியாது. கல்யாண வீட்டுச் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்றுதான் அவன் பெரியவர்களிடம் சொல்லியிருந்தான். கல் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து, ஓடைக்குள் மண்ணோடு சரிந்தது. அவள் கதவைத் தள்ளினாள், திறந்தது. அவள் இறங்கவில்லை.

"மோகனு" என்றாள். நடுவில் ஆள் வைக்காமல் நேராகவே கூப்பிட்டாள். "அந்தக் கல்லும்."

"இந்தப் பக்கம் கதவு தொறந்துருச்சுங்களே."

"அந்தக் கல்லும்."

முஜீப் போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தான். இரண்டாவது கல்லுக்கு மோகன்குமார் பேரம் பேசவில்லை. அந்தப் பக்கம் சிமெண்ட் குறைவாக இருந்ததால் சீக்கிரம் வந்தது. அதற்குள் பண்ணையில் விழுந்தவற்றை எண்ணிச் சொல்ல வந்த ஆள், முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போனான்.

இரண்டு கல்லும் ஓடையில் கிடந்தன. ராசாத்தாள் குனிந்து சுவிட்சைத் தட்டினாள். மறைக்கவும் இல்லை, எல்லாரும் பார்க்கத்தான் குனிந்தாள். கியரை எடுத்துவிட்டுச் சாவியைத் திருகினாள்.

டக் என்றது. அவ்வளவுதான். மறுபடியும் திருகினாள். மறுபடியும் ஒரே ஒரு டக்.

முஜீப் எழுந்து முன்னால் வந்து, கையைக் குவித்து ஹெட்லைட்டுக்கு மேலே வைத்துப் பார்த்தான். உள்ளே இழை மட்டும் செக்கச்செவேலென்று மங்கிக் கிடந்தது. காலையில் அவன் போடச் சொன்ன விளக்கை யாரும் அணைக்கவில்லை. இந்த வெயிலில் எரிவது யாருக்கும் தெரியவில்லை. கிழட்டு பேட்டரி, இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது.

"அக்கா, இது நெசமாவே போச்சுங்க" என்றான்.

லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இது ராசாத்தாள் போட்ட கணக்கில் இல்லை. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மோகன்குமார் ஏற்கெனவே வண்டியின் பின்பக்கம் போய், தேங்காய் மூட்டைகளுக்குக் கீழே பலகையில் தோளைக் கொடுத்து நின்றிருந்தான். யாரும் சொல்லவில்லை. அவனுக்கு வேறு வழியில்லை.

பாலத்திலிருந்து சாலைக்கு ஏற்றம். அவள் கை பிரேக்கை விட, அவனும் அவன் ஆட்களும் முஜீபும் சேர்ந்து தள்ளினார்கள். வண்டி அசைந்து, பின்னுக்கு வந்து, மறுபடி அசைந்தது. ஏற்றத்தின் பாதியில் நின்றுவிட்டது. எல்லாரும் தம் பிடித்துக்கொண்டு தாங்கினார்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விட வேண்டிய வேகம் வந்தபோது அவள் விடவில்லை. சாலை விளிம்பு வரைக்கும் தள்ள விட்டாள். விளிம்புக்கு வந்த பிறகுதான் காலை எடுத்தாள். இஞ்சின் உதறி, இருமி, பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து வந்த கரும்புகை பின்னால் நின்றவர்களின் முகத்தில் அடித்தது. தோளைப் பலகையிலிருந்து எடுத்த வேகத்தில் மோகன்குமார் மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தான்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டே லாரிக்கு வழிவிட்டாள். லாரி இரண்டு கல்லும் இல்லாத பாலத்தில் தாராளமாக இறங்கிப் போனது.

முஜீப் பைக்கில் ஏறும்போது, ஆனைமலைக்குப் போய் அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்து குளிர வைத்துவிட்டு வரும்படி சொன்னான். வேண்டியது நடந்தபிறகு மிளகாயின் எரிச்சலை ஆற்ற வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெயில் தாழட்டும், போகலாம் என்றாள். அந்தச் சுவிட்சைக் கழற்றிவிடட்டுமா, இனி எதற்கு என்றும் கேட்டான். இருக்கட்டும் என்றாள். பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னாள்.

வெயில் தாழ்ந்தது. ஆடியும் வந்து போனது. அவள் ஆனைமலைக்குப் போகவில்லை.

வாரத்தில் மூன்று நாள் உழவர் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு தடத்தில் வருகிறாள். பாலத்துக்கு வந்ததும் இஞ்சினை அணைத்துவிடுகிறாள். கல் இருந்த குழிகளில் இப்போது அருகம்புல் முளைத்திருக்கிறது. அதைப் பார்ப்பதில்லை. சாவியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பண்ணைக் கொட்டகையில் தீனி கொட்டிக்கொண்டிருக்கும் மோகன்குமார், சத்தம் நின்றதும் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்கிறான். வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும் வரைக்கும் அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை. அது அவளுக்குத் தெரியும். சில நாட்களில் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள்.